கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.

ஏப்ரல் 25-ஆம் தேதி விடியற்காலையில் மெல்போர்ன் நினைவாலயத்தின் முன்னால், குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நம்மவர்களைப் பார்ப்பது அபூர்வம். ஆன்சாக் தினம் என்றால் நம்மில் பலருக்கு அது ஒரு விடுமுறை நாள். பத்து மணி வரை தூங்கலாம், மத்தியானம் யார் வீட்டிலாவது பிரியாணி. 1915-ஆம் ஆண்டு துருக்கியின் கலிபோலிக் கரையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கிய நாள் அது. அதே கலிபோலியில் இந்தியச் சிப்பாய்களும் நின்று சண்டை போட்டார்கள் என்பதை நாமே பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

பதினான்கு வயதான என் மகளின் பள்ளியில், குடும்பத்தில் யாராவது படையில் இருந்திருந்தால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அவர் பொருள் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார்கள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா எத்தனை பேரைச் சுட்டார்?"

"எனக்குத் தெரிந்து யாரையும் இல்லை. தாத்தா பாலம் கட்டினார்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு பக்கத்துக்காக நாங்கள் இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசியதில் கிளம்பியவைதான் இவை. "உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதுங்களேன்" என்று மலர் ஆசிரியர் கேட்டதும் அதையே விரித்து எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் வடமாலபேட்டை. சென்னையிலிருந்து சாலை வழியாகத் திருப்பதிக்குப் போயிருக்கும் உங்களில் பலர், தெரியாமலே அதைக் கடந்து போயிருப்பீர்கள். திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டிய பிறகு வரும் ஊர். இப்போது சுங்கச்சாவடியை வைத்து அடையாளம் சொல்கிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது புரட்டாசி மாதத்தை வைத்துச் சொல்வார்கள். மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கோவிந்தா போட்டுக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் பானை பானையாக நீர்மோர் வைத்திருப்பார்கள். சற்றுத் தள்ளி அப்பலாயகுண்டாவில் பிரசன்ன வெங்கடேசர் கோயில். சுற்றிலும் கடலைக்காய், கரும்பு, மாந்தோப்பு, மழை பெய்தால் மட்டும் நிறையும் ஏரிகள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாட்டி அவ்வா.

நைனா 1938-இல் பிறந்தபோது அது சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. அவருக்குப் பதினைந்து வயதாகும்போது, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி, ஆந்திர மாநிலம் பிறந்து எங்கள் ஊர் அதற்குள் போனது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அதுவே ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நாங்களும் அங்கேயே இருந்துவிட்டோம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குள் போனோம். இத்தனைக்கும் எங்கள் வீடு ஓர் அடிகூட நகரவில்லை. நைனாவின் சங்கதி இதற்கு நேர் எதிர். அவர் காஷ்மீருக்கும் பஞ்சாபுக்கும் அஸ்ஸாமுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தார். விலாசம் மட்டும் நகரவேயில்லை. நம்பர், பதவி, பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான்.

ராணுவத்தில் உறவினர் இருந்தவர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்கும். படை எந்த ஊரில் இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக எல்லாக் கடிதமும் ஒரே தபால் நிலைய எண்ணுக்குப் போய், அங்கிருந்து பிரிந்து போகும். பின்னாளில் கிழக்குப் பகுதிப் படைகளுக்கு 99 ஏ.பி.ஓ. என்று இன்னொரு எண் வந்தது. நாலாம் வகுப்போடு நின்ற என் அம்மாவுக்கு இந்தியாவின் பூகோளம் இந்த இரண்டு எண்கள்தான். கடிதத்தில் 56 இருந்தால் வடக்கே, 99 இருந்தால் கிழக்கே. 1971-இல் மழைக்காலம் முடியும் சமயம் 56 என்பது 99 ஆனதும், தபால்காரர் வாய் திறப்பதற்கு முன்பே அம்மா, "கிழக்கே எங்கியோ சண்டை வரப்போவுது" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ரேடியோவில் அந்தச் செய்தி டிசம்பர் மாதம்தான் வந்தது.

நைனா படையில் சேர்ந்தது 1956-இன் தொடக்கத்தில். காரணம் பெரிய தேசபக்தி ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் ஏரி நிரம்பவில்லை, வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்து போனார். உயரமும் மார்பளவும் சரியாக இருந்தன. பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருப்பது மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையிடம். 1780-இல் சென்னைக் கோட்டையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. அந்தப் படையின் சிப்பாய்க்கு ராணுவம் முழுவதும் ஒரே செல்லப்பெயர்தான்: தம்பி. தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ கன்னடக்காரனோ, எல்லோரும் தம்பிதான். பஞ்சாபி அதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவாராம். "என்னை நாற்பது வயசு வரைக்கும் தம்பின்னு கூப்பிட்டவங்க அவங்கதான்" என்பார் நைனா. எங்கள் ஊரில் அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளை. தம்பி என்று கூப்பிட ஆள் கிடையாது.

இந்தப் படையின் வேலை என்ன என்பதை நான் தெரிந்துகொண்டதே வெகு காலம் கழித்துத்தான். காலாட்படை முன்னேற வேண்டுமென்றால் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்தை எதிரி தகர்த்திருப்பான். டாங்கி போக வேண்டுமென்றால் வயலில் கண்ணிவெடி இருக்கும். இந்த இரண்டுக்கும் முன்னால் போகிறவர்கள் இவர்கள். பின்வாங்கும்போது கடைசியாக வருகிறவர்களும் இவர்களே. நாம் கடந்து வந்த பாலத்தை நாமே தகர்க்க வேண்டும் அல்லவா?

நைனாவுக்குப் பிடித்த பேச்சு ஒன்றே ஒன்று. பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். இரும்புச் சட்டங்களை லாரியில் கொண்டு வந்து, கையால் தூக்கி, ஊசி செருகிக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு சட்டம் பத்து அடி நீளம், 570 பவுண்டு எடை; நம் கணக்கில் சுமார் 260 கிலோ. அடியில் கம்பு கொடுத்து ஆறு பேர் தூக்க வேண்டும். இக்கரையிலேயே பாலத்தைக் கோத்து, உருளைகள் மேல் வைத்து, அக்கரையை நோக்கித் தள்ளுவார்கள். தள்ளும்போது அது அந்தரத்தில் நீண்டு கவிழ்ந்துவிடாமலிருக்க முன்னால் ஒரு மூக்கு, பின்னால் பாரம். அக்கரையில் மூக்கு தொட்டதும் அதைக் கழற்றிவிடுவார்கள். இருட்டில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல் இத்தனையும் நடக்கும்.

"ஆறு பேரும் ஒரே உயரமா இருக்கணும்மா. ஒருத்தன் குட்டையா இருந்தா அவன் பங்கு பாரம் பக்கத்துல இருக்கறவன் கைக்கு வந்துடும். அவன் மேல கோவிச்சுக்கவும் முடியாது" என்று சாப்பாட்டுத் தட்டிலேயே கரண்டிகளை அடுக்கிக் காட்டுவார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் கொட்டாவி விடுவோம். எங்களுக்கு வேண்டியிருந்தது துப்பாக்கிக் கதை.

என் அக்கா 1964-இல் பிறந்தவள், அண்ணன் 1967, நான் 1970. ஆண்டுக்கு இரண்டு மாத விடுமுறை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தால் அரக்கோணத்தில் வண்டி மாறி வருவார். கல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்தால் கூடூரில் மாறி ரேணிகுண்டா. பச்சை டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய நம்பர். 1980-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று அந்தப் பெட்டியோடு நிரந்தரமாக வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. மூன்றாவது மாதம் அம்மாவிடம், "இவர் எப்ப திரும்பிப் போவார்?" என்று கேட்டேன். அம்மா அடித்தார்கள். திண்ணையில் இருந்த அவர் காதில் அது விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதும்போது கை கூசுகிறது; ஆனாலும் நடந்தது அதுதான்.

காலை ஐந்து மணிக்கு எழுப்புவார். கம்பளியைப் பெட்டி மாதிரி மடிக்க வேண்டும். மாட்டைக் கட்டுவதற்குக்கூட ஒரு முடிச்சு, கிணற்று வாளிக்கு வேறு முடிச்சு. கடலைக்காய் வயலுக்குப் போனால் அவர் கால் வைத்த இடத்திலேயே நாங்களும் கால் வைத்து வர வேண்டும். அது ஏன் என்று கேட்டால் "பயிர் மிதிபடக்கூடாது" என்பார். பயிர் இல்லாத பொட்டல் காட்டிலும் அப்படித்தான் நடந்தார். கேன்டீனில் மாதாமாதம் கிடைக்கும் ரம் பாட்டிலை அவர் தொடமாட்டார். அதனால் மாதக் கடைசியில் உறவினர்களுக்கு எங்கள் மேல் ஏற்படும் பாசத்தைச் சொல்லி முடியாது.

இதெல்லாம் ஒரு பக்கம். அவரை நான் உண்மையில் தெரிந்துகொண்டது மனு எழுதும்போதுதான்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் படைக்குப் போன வீடுகள் பல உண்டு. போனவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் போன பிறகு மனைவிக்கு வரவேண்டிய பென்ஷன் எங்காவது சிக்கிக்கொண்டிருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றிருக்கும். பிறந்த தேதி ஒரு காகிதத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு. மூத்த தாரம் இறந்து இளைய தாரம் கட்டியதை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற மறு வருஷமே நைனாவிடம் ஒரு அம்மாள் வந்து, "மிலிட்டரி அண்ணா, இத கொஞ்சம் பாருங்க" என்று ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார்கள். அதன் பிறகு நிற்கவேயில்லை.

நைனாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், பிழையில்லாமல் எழுத வராது. ரோமன் எழுத்தில் இந்தி எழுதுவார். அது படையில் கற்றது. ஆகவே பன்னிரண்டு வயதில் நான் அவருடைய கிளார்க் ஆனேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவருக்கென்று விதிகள் இருந்தன. ஒரே பக்கம்தான். முதல் வரியில் சிப்பாயின் நம்பர். பெயர்கூட அதற்குப் பிறகுதான். அழுகை கூடாது. "புருஷன் போயிட்டாருன்னு ஆபீஸ்ல இருக்கறவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது நம்பர். அதைச் சொல்லு." வித் டியூ ரெஸ்பெக்ட், ஐ பெக் டு ஸ்டேட் என்ற வரிகளை நான் பள்ளியில் கற்கவில்லை. பத்தாவதில் இங்கிலீஷில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியை வியந்தார். என் இங்கிலீஷ் முழுக்க விதவைகளின் மனு இங்கிலீஷ் என்று அவருக்குத் தெரியாது. பிறகு புத்தூரில் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டார். அந்த டைப்ரைட்டிங்தான் சென்னையில் எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது. அதுவே சுற்றிச் சுற்றி 1998-இல் இந்த ஊருக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

மனுவுக்குக் காசு வாங்கமாட்டார். கடலைக்காய், புளி, மாம்பழம் வரும். ஒரு தடவை உயிருள்ள சேவல். மாதம் ஒரு முறை மனுக்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சித்தூர் சைனிக் போர்டுக்குப் போவார், சட்டையை இஸ்திரி போட்டு, மெடல் இல்லாமல். ஒவ்வொன்றையும் ஒரு நீண்ட நோட்டில் பதிந்து வைப்பார். தேதி, நம்பர், யாருடைய மனைவி, என்ன கோளாறு, என்ன ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் "வந்தது" என்று எழுதினால் அன்று சாயங்காலம் எங்களுக்கு ஜிலேபி.

2013-இல் அம்மாவும் அவரும் மெல்போர்ன் வந்து மூன்று மாதம் இருந்தார்கள். ஆன்சாக் தினத்தன்று அவரை விடியற்காலையில் அழைத்துப் போனேன். பிறகு நடந்த அணிவகுப்பில் சின்னப் பையன்களும் பெண்களும் மெடல் குத்திக்கொண்டு நடந்தார்கள். "இவங்க எப்ப சண்டைக்குப் போனாங்க?" என்றார். சொந்த மெடல் இடது மார்பில்; தாத்தா, அப்பாவின் மெடலைப் பிள்ளைகள் வலது மார்பில் குத்திக்கொள்வது இங்கே வழக்கம் என்று சொன்னேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பூங்காவில் புல்தரையில் உட்காரப் போனபோதுதான் கவனித்தேன். சிமென்டு நடைபாதையை விட்டு அவர் இறங்கவில்லை. மூன்று வயதாயிருந்த என் மகள் புல்லில் ஓடியபோது அவர் கை தன்னையறியாமல் நீண்டது. வீட்டுக்கு வந்த பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அவர் என்னிடம் சொன்ன ஒரே சண்டைக் கதை அதுதான். அதுவும் சண்டை முடிந்த பிறகு நடந்தது.

1965 செப்டம்பர் 23-ஆம் தேதி சண்டை நிறுத்தம். பஞ்சாபில் எல்லை ஓரத்து வயல்களில் நம் படையே புதைத்த கண்ணிவெடிகளை எடுக்க வேண்டும். விவசாயிகள் விதைப்புக்குத் திரும்பி வருவதற்குள். புதைத்தபோது எழுதிய வரைபடம் கையில் இருந்தது. ஆனால் நடுவில் மழையும் டாங்கியும் புகுந்த மண், வரைபடம் சொன்னபடி இருக்கவில்லை. வயிற்றால் படுத்து, கம்பியைச் சாய்வாகக் குத்திக் குத்தி, விரலால் மண்ணை விலக்கி, தேடிய இடத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். நேர்க்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்வாகக் குத்தினால் விலாவில் படும். மூன்றாவது நாள், நைனாவுக்குப் பின்னால் தண்ணீர் கொண்டு வந்தவர், நாடாவுக்கு வெளியே ஒரே ஒரு கால் வைத்தார். பாலச் சட்டம் தூக்குவதில் நைனாவோடு ஜோடியாக நின்றவர், ஒரே உயரம். உயிர் பிழைத்தது, முழங்காலுக்குக் கீழே போயிற்று.

"நாம புதைச்சதையேதான் நாம தேடினோம். பாகிஸ்தான்காரன் புதைச்சிருந்தா மனசு ஆறியிருக்கும்" என்றார் நைனா. பிறகு, மெட்ராஸ் சாப்பர்ஸில் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதலில் சொல்லப்படும் சுபேதார் சுப்பிரமணியன் கதைக்குப் போய்விட்டார். காஞ்சிபுரத்துப் பக்கம் கீழோட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறந்துகொண்டிருந்தபோது, கூட இருந்தவர் மிதித்த வெடியின் மேல் தாமே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். "அவரு விழுந்தாரு. நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டார். அவருக்கும் அந்த வெடிக்கும் நடுவில் முப்பது அடி தூரம் இருந்ததாம். அதைச் சொல்லி என்ன பயன்? நான் சொல்லவில்லை.

2018 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், எண்பதாவது வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் வாசகர்கள், குறிப்பாக ஊரில் முன்னாள் ராணுவத்தினரான பெற்றோர் உள்ளவர்கள், கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டும். அண்ணன் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனான். "இந்தப் பெயரில் ஆள் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் அம்மாவுக்குக் கோயிலில் வைத்த முழுப்பெயர். நைனாவின் படைப் பதிவில் இருந்ததோ, வீட்டில் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட செல்லப்பெயர். (அம்மா தன் பெயர் அச்சில் வருவதை விரும்பவில்லை; ஆகவே இரண்டையும் எழுதாமல் விடுகிறேன்.)

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருஷம் ஊரார் மனைவிகளின் பெயரையெல்லாம் திருத்திக் கொடுத்தவர். அந்த நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன்; பெயர்க் கோளாறு என்று மட்டும் அறுபத்திரண்டு பதிவுகள். அறுபத்து மூன்றாவது அவர் வீட்டிலேயே இருந்தது அவருக்குத் தெரியாதா? தெரிந்து விட்டாரா?

அம்மாதான் சொன்னார்கள். காரியம் முடிந்த வீட்டில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

கல்யாணம் 1962 ஜூன் மாதம். பத்திரிகை அடிக்கிற வசதியில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கல்யாணம். ஒரு மாதம் கழித்து விடுமுறை முடிந்து போய்விட்டார். கூட்டுக் குடும்பத்தில் அந்த ஒரு மாதத்தில் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகளை எண்ணிவிடலாம். அக்டோபர் 20-ஆம் தேதி சீனச் சண்டை தொடங்கியது. யூனிட்டில் எல்லோரையும் அவசரமாக வரிசையில் நிறுத்தி, கிண்ட்ரட் ரோல் என்ற பதிவைச் சரிபார்த்தார்கள். சிப்பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல், யாருக்குப் பணம் என்று எழுதும் தாள். மனைவி பெயர் என்ன என்று கிளார்க் கேட்டார். நைனாவுக்குத் தெரியவில்லை! மாமியார் கூப்பிட்டதுதான் காதில் விழுந்திருக்கிறது. அதைச் சொன்னார். அது ஏறிவிட்டது.

"அப்புறமாவது மாத்தியிருக்கலாமே அம்மா?"

"மாத்தறேன்னுதான் சொன்னாரு. ரெண்டு மூணு தரம் பேப்பர்கூட கொண்டாந்தாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

ஏன் என்பதற்கு அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், தூணில் மாட்டியிருந்த கம்பியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்கள். மணியார்டர்க் கூப்பன்கள். தபால்காரர் கிழித்துக் கொடுக்கும் அடிச்சீட்டு. கரண்டு பில்லைக் குத்துவது மாதிரி, 1962 டிசம்பரிலிருந்து 1980 வரை ஒவ்வொன்றாகக் குத்தி வைத்திருந்தார்கள். நாற்பது ரூபாய், ஐம்பது, நூற்றிருபது. ஒவ்வொன்றிலும் நைனாவின் கையெழுத்தில் அந்தச் செல்லப்பெயர். அதன் கீழே தமிழில் ஒரு வரி.

எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. ஏய், இந்தா, அக்கா பிறந்த பிறகு அவள் பெயர். வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தும் நைனா வாயால் அம்மாவின் பெயரை நான் கேட்டதில்லை. எழுதியது மட்டும் உண்டு. மாதம் ஒரு முறை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. காகிதத்துக்குக் கதை தெரியாதே. பதினான்கு மாதம் ஆயிற்று. இரண்டு பெயரும் ஒருவரே என்று மாஜிஸ்திரேட் முன்னால் பிரமாணப் பத்திரம், செய்தித்தாளில் விளம்பரம், ஊர்ப் பெரியவர்களின் சாட்சி, பதிவு அலுவலகத்துக்கு மனு. மனுவை நான் இங்கிருந்து எழுதினேன். ஒரே பக்கம். முதல் வரியில் நம்பர். அழுகை இல்லாமல். பிரமாணப் பத்திரத்தில் செல்லப்பெயர் "தவறாகப் பதிவானது" என்று வக்கீல் எழுதியிருந்ததை அம்மா ஏற்கவில்லை. தவறு என்ற வார்த்தையை அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பெயரிலும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரோடு பொருந்துகிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சிப்பாய் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தில் திருத்துவதும், அவர் போன பிறகு திருத்துவதும் ஒன்றல்ல. இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறை வந்திருக்கிறது. அதில் ஏறியிருக்கும் விவரங்களும் சரியா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். 2003-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் செலவாவது ஒரு மத்தியானம்.

பள்ளிக்கு எழுதிய பக்கத்துக்கு வருகிறேன். மெடல்களை அண்ணன் அனுப்பிவைத்தான். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்குப் பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல். சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மெடல். யாரையும் சுடாத தாத்தாவுக்கு இத்தனையா என்று மகள் கேட்டாள். 1971-இல் டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் சரணடைந்த பிறகு மற்றவர்கள் ஊர் திரும்பத் தொடங்கிய நேரத்தில், தகர்ந்து கிடந்த பாலங்களுக்காகத் தாத்தா அங்கேயே மாதக்கணக்கில் இருந்தார் என்று சொன்னேன். "எங்களுக்குச் சண்டை முடிஞ்ச பிறகுதான் வேலை" என்று அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். சட்டத்தின் எடையைக் கிலோவில் போட்டாள். வகுப்பில் ஆறு பிள்ளைகளை ஒரே உயரமாக நிற்கவைத்துக் காட்டினாளாம்.

ஏப்ரல் 25 காலை, பள்ளிக் கோட்டின் வலது பக்கத்தில் மெடல்களைக் குத்திக்கொண்டு போனாள். பக்கத்தோடு ஒட்டுவதற்கு ஒரே ஒரு மணியார்டர்க் கூப்பனையும் கொடுத்திருந்தேன். போன தடவை ஊருக்குப் போனபோது கம்பியிலிருந்து உருவி வந்தது. 1972 மார்ச். 99 ஏ.பி.ஓ. முத்திரை. அம்மாவின் பெயர், நூறு ரூபாய், அதன் கீழே: இங்கு நலம், பாலம் முடிந்தது, வைகாசியில் வருவேன்.

அன்று இரவு வீடியோவில் அவ்வாவிடம் மெடலைக் காட்டினாள். அவ்வா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்கள்.

"மெடல் அங்கியே இருக்கட்டும். கம்பியில ஒரு சீட்டு கொறையுது. நீதானே எடுத்தே? அடுத்த தரம் வரும்போது மறக்காம கொண்டா."